சுரங்கத்துக்குள் கேமரா: இயந்திரங்களையும் தொழிலாளர்களையும் படமெடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

சுரங்க வாசலில் உங்களை முதலில் பார்க்கிறவர் கேமராவைப் பார்ப்பதில்லை. காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார். முன்பக்கம் கவசம் வைத்த பாதுகாப்பு ஷூ இல்லையென்றால், தோளில் எவ்வளவு பெரிய லென்ஸ் தொங்கினாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

சுரங்கம், குவாரி, தொழிற்சாலை என்று பல வருடமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம், விளம்பரம் என்று எடுத்துப் பழகிய தம்பி தங்கைகள் இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டு என்னிடம் பேசும்போது முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த லென்ஸ் வாங்கணும்?" என்பதாகத்தான் இருக்கும். லென்ஸுக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நம் படத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பணம் கொடுக்கிற நிறுவனம். இன்னொருவர் படத்தில் இருக்கிற தொழிலாளி. அந்தப் படத்தைப் பார்த்து அவர் "ஆமா, நான் இப்படித்தான் வேலை செய்வேன்" என்று சொல்ல வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்கான வழிதான்.

உதாரணத்துக்கு நெய்வேலியை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த சுரங்கம் அது. மற்ற இடங்களில் என்ன மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் வேலையைப் படியுங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன், அந்த இடத்தில் மண் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நெய்வேலிக் கதை 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கருப்பாக ஏதோ வெளிவந்ததில் தொடங்குகிறது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இந்த வரலாறு ஒரு படமெடுப்பவருக்கும் தேவை. மூன்று தலைமுறையாக அங்கே வேலை பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமங்களில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் இருக்கின்றன. கேமராவோடு ஊருக்குள் போனால் "யார் அனுப்பினது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

அங்கே நடப்பது திறந்தவெளிச் சுரங்க வேலை. மேலே இருக்கிற மண்ணைப் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டுகிறது. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள். ஒரு வாளியின் கொள்ளளவை வைத்தே 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என்று இயந்திரங்களைக் குறிப்பிடுவார்கள். வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் ஏறி ஸ்ப்ரெடருக்குப் போகும். ஸ்ப்ரெடர் அதை ஏற்கெனவே தோண்டி முடித்த பகுதியில் கொட்டும். அடியில் கிடைக்கிற பழுப்பு நிலக்கரி இன்னொரு பெல்ட்டில் ஏறி அனல் மின் நிலையத்துக்குப் போகும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையே மேலே பொங்கிவிடும்.

இந்த வரிசை மனதில் ஏறினால் எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் தானாக வந்துவிடும். புதியவர்கள் சக்கரத்தையே சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பம்ப் ஆப்பரேட்டரையும், பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை மண்வெட்டியால் வாரிப் போடுகிறவரையும் கேமரா தொடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரியும்.

தெலங்கானாவின் சிங்கரேணி மாதிரி இடங்களின் திறந்தவெளிச் சுரங்கங்களில் ஷவலும் (மண் அள்ளும் இயந்திரம்) டம்பரும் (அதை ஏற்றிப் போகும் பெரிய லாரி) வெடிவைப்பும் கதை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் வைர மணி கோத்த கம்பியால் கல்லை அறுப்பார்கள். அங்கே ஒரே ஒரு விதி: அந்தக் கம்பி ஓடுகிற நேர்கோட்டில் ஒருபோதும் நிற்காதீர்கள். கம்பி அறுந்தால் மணிகள் தோட்டா மாதிரி பறக்கும். பக்கவாட்டில், தூரத்தில் நின்று எடுங்கள்.

அனுமதி

இந்தியச் சுரங்கங்கள் 2025 நவம்பர் வரை 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்துக்குள் இருந்தன, இப்போது தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வருகின்றன. உள்ளே நடக்கிற எல்லாவற்றுக்கும் சுரங்க மேலாளர் பொறுப்பு. மக்கள் தொடர்பு அலுவலர் "வாங்க" என்று போனில் சொன்னது போதாது. எழுத்து மூலமான கடிதம் வேண்டும். அதில் தேதி, வருகிறவர்களின் பெயர், எந்தெந்தப் பகுதிகள், படங்கள் எதற்காக என்று தெளிவாக இருக்க வேண்டும். கேமரா, லென்ஸ், லேப்டாப் எல்லாவற்றின் சீரியல் எண்களையும் தட்டச்சு செய்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண் எழுதிக் கொடுத்தால் காலை வெளிச்சம் அங்கேயே போய்விடும். மின் நிலையம், சுவிட்ச்யார்டு, கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் பெயர் கடிதத்தில் தனியாக இல்லையென்றால், வழியில் கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள்.

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் என்றால் விஷயமே வேறு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும், வெடிக்கும். சாதாரண கேமராவின் பேட்டரியும் ஃபிளாஷும் அந்தப் பொறியாக ஆகலாம். அதனால் வாயு உள்ள சுரங்கத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளை மட்டும்தான் விடுவார்கள். செல்போனையும் மேலேயே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். "ஒரே ஒரு படம்" என்று யாரையும் கெஞ்சாதீர்கள். இறங்குவதற்கு முன்னாலும் ஏறி வந்த பின்னாலும் எடுக்கிற முகங்களே போதும். பல நேரம் அவைதான் நல்ல படங்களாக அமைகின்றன.

டிரோன் பறக்கவிட நினைத்தால் 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளைப் படியுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். பச்சை என்றாலும் சுரங்க மேலாளரின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும்.

உடம்பைக் காப்பாற்றுகிற பழக்கங்கள்

ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், ஷூ எல்லாம் சொந்தமாக வாங்கிவிடுங்கள். அங்கே கொடுக்கிற ஹெல்மெட் தலையில் ஆடும், கேமராவைக் கண்ணில் வைத்தால் விளிம்பு இடிக்கும். முன் விளிம்பு குட்டையானது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது.

கழுத்தில் தொங்குகிற கேமரா வார் வேண்டாம். கன்வேயரின் ரோலரில் ஒரு வார் மாட்டினால் ஆளை இழுத்துவிடும். உடம்போடு ஒட்டி நிற்கிற பெல்ட்டோ கைப்பட்டையோ பயன்படுத்துங்கள். துண்டு, தொங்கும் அடையாள அட்டை எல்லாம் சட்டைக்குள் போகட்டும்.

கன்வேயர் நெடுக, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும். புல் கார்டு என்பார்கள். அவசரத்தில் அதை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். என்னோடு வந்த உதவியாளர் ஒருவர் ஒருமுறை ட்ரைபாட் பையைச் சாய்த்து வைத்தபோது பையின் கொக்கி அந்தக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. பை சரிந்தது, கயிறு இழுபட்டது, பெல்ட் நின்றது. பெல்ட் நின்றதும் அதற்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்த இயந்திரமும் நின்றது. சத்தம் நின்ற அந்த அமைதியை நான் மறக்கவே இல்லை. மேலே இருந்த ஆப்பரேட்டர் எட்டிப் பார்த்தார். மறுபடி எல்லாம் ஓடத் தொடங்கும் வரை நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றோம். அன்றிலிருந்து என் பைகள் எதிலும் தொங்குவதில்லை. கன்வேயரிலிருந்து விலகித் தரையில்தான் இருக்கும்.

டம்பர் ஓடுகிற சுரங்கத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் ஒரு மாடி உயரத்தில், ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்பக்கமும் வண்டிக்கு முன்னால் பல மீட்டர் தூரமும் அவருக்குத் தெரியாது. நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள் என்பதற்காக அவர் உங்களைப் பார்க்கிறார் என்று ஆகாது. ரேடியோவில் சொல்லி, அவர் கையசைத்த பிறகுதான் நெருங்க வேண்டும்.

அப்புறம் நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி: கண்ணில் கேமரா இருந்தால் கால் நகராது, கால் நகர்ந்தால் கண்ணில் கேமரா இருக்காது. பெஞ்சின் (படிபோல வெட்டிய மண் தட்டின்) விளிம்பில் பின்னால் ஒரு அடி வைத்து ஃபிரேமைச் சரிசெய்ய நினைப்பதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. பக்கத்தில் ஒருவர் படத்தைப் பார்க்காமல் சுற்றுப்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தாவது கூட்டிப் போங்கள்.

கருவிகள்

இரண்டு கேமரா பாடி. ஒன்றில் 24–70 மி.மீ., இன்னொன்றில் 70–200 மி.மீ. இதை வைத்தே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். விலை உயர்ந்த ஒரு பாடியைவிட இரண்டு சுமாரான பாடிகள் மேல். ஏனென்றால் உள்ளே லென்ஸ் மாற்றக் கூடாது. சுரங்கத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும், அது கண்ணாடியையே கீறும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு மாற்றுங்கள். லென்ஸில் தூசி படிந்தால் முதலில் ஊதுகுழல், அப்புறம் மென்மையான பிரஷ், கடைசியாகத்தான் துணி. சட்டை நுனியால் துடைத்த ஒரே துடைப்பில் கோட்டிங் போன லென்ஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கடலூர் மாவட்டத்தின் ஈரக் காற்றில் லென்ஸில் உடனே ஈரம் பூத்துவிடும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் இருக்கட்டும். ரா கோப்பாகத்தான் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த 'வெளிச்சம்' பகுதியில் புரியும்.

வெளிச்சம்

மே மாதத்து நண்பகலில் 200 மி.மீ. லென்ஸை வைத்துத் தூரத்து இயந்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் சரியாக இருக்கும், படம் மட்டும் கலங்கித் தெரியும். லென்ஸில் குறை என்று கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்று அலைதான் காரணம். தூரத்துப் படங்களைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கிட்டத்திலிருந்து எடுக்கிற படங்களுக்கு மாறுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எனக்குப் பிடித்த நாள். தூசி அடங்கியிருக்கும். சிவப்பும் மஞ்சளுமான மண் அடுக்குகள் அடர்த்தியாகத் தெரியும். கரியும் ஈரத்தில் பளபளக்கும். புதிதாக வெட்டிய பழுப்பு நிலக்கரியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், அது கருப்பு இல்லை, காப்பிக்கொட்டை நிறம். காயக் காய வெடிப்பு விடும். வெட்டிய அன்றே எடுத்தால் ஒரு நிறம், சில நாள் கழித்து எடுத்தால் வேறு. மழை இல்லாத நாட்களில் தண்ணீர் லாரி பாதையை நனைத்துவிட்டுப் போன பிறகு கொஞ்ச நேரம் அதே தெளிவு கிடைக்கும்.

கரியை ஃபிரேம் நிறைய எடுக்கும்போது கேமரா ஏமாறும். இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கரி சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். அதே இடத்தில் ஒரு ஆளை வானத்தின் பின்னணியில் நிறுத்தினால் தலைகீழ், முகம் இருண்டுவிடும். அங்கே ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். முகத்தின் மேல் ஸ்பாட் மீட்டரிங் (அந்த ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்துப் பழகிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இரவு ஷிப்டில் இன்னொரு தொல்லை. சோடியம் விளக்கின் ஆரஞ்சு ஒரு பக்கம், எல்இடியின் நீலம் இன்னொரு பக்கம். ஒரே முகத்தில் இரண்டு நிறமும் விழும். சாம்பல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரா கோப்பில் பிறகு சரிசெய்யலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் கோடு விழாது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1920-களின் கடைசியில் மார்கரெட் பர்க்-வைட் ஓர் எஃகு ஆலையை எடுக்கப் போனார். உருகிய இரும்பு கண்ணைக் கூசவைத்தது. பிலிமில் மட்டும் ஒன்றும் விழவில்லை. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. மெக்னீசிய வெளிச்சக் குச்சிகளைக் கொளுத்தி, அந்த வெள்ளை ஒளியில்தான் அவர் அந்தப் படங்களை எடுத்தார். இன்று நமக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சிவப்பு அளவுக்கு மீறி விழுந்து அந்தப் பகுதி வெறும் திட்டாகிவிடும். அதனால் பொதுவான ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச வரைபடத்தை) மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் சிவப்புக்கான வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள்.

இயந்திரம்

பெரிய இயந்திரம் படத்தில் சின்னதாகத் தெரிவதுதான் எல்லாரும் சந்திக்கிற ஏமாற்றம். ஜெர்மனியின் பேகர் 288 என்ற எக்ஸ்கவேட்டர் சுமார் 13,500 டன் எடை, 96 மீட்டர் உயரம். அதையே வெற்று வானத்தோடு எடுத்தால் பொம்மை மாதிரிதான் இருக்கும். அளவு தெரிய வேண்டுமென்றால் அளந்து பார்க்கத் தெரிந்த ஒன்று ஃபிரேமில் வேண்டும். ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, கேபின் ஜன்னல், ஆள்.

ஆளை வைக்கும்போதுதான் சிக்கல். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், நிற்கவும் கூடாது. தூரத்தில் நின்று 200 மி.மீ.யில் எடுத்தால் பின்னால் இருக்கிற சக்கரம் அந்த ஆளின் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பது போலத் தெரியும். அழகான படம். ஆனால் பாதுகாப்பு அலுவலர் கண்ணில், ஒருவர் அபாயப் பகுதிக்குள் நிற்கிறார். படம் திரும்பி வந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தத் தொழிலாளியைப் பார்த்து "நீ ஏன் அங்கே நின்றாய்?" என்று யாராவது கேட்பார்கள். இயந்திரத்தின் மேலேயே, அதன் நடைபாதையில் வழக்கமாக நடந்து போகிற ஆளுக்காகக் காத்திருங்கள். அளவும் தெரியும், உண்மையும் கெடாது.

பராமரிப்பு நாள்தான் கிட்டப் போவதற்கான நாள். மின்சாரம் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டியிருக்கிறார்களா என்று பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். நிற்கிற சக்கரத்தின் வாளிப் பற்களைக் கிட்டத்தில் எடுக்கலாம். தேய்ந்த பல்லும் புதிதாக மாட்டிய பல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இயந்திரம் எவ்வளவு மண் வெட்டியிருக்கிறது என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும். பற்களை மாற்றுகிற ஃபிட்டரின் கையும் அதே ஃபிரேமில் வந்தால் இன்னும் நல்லது.

ஓட்டத்தைக் காட்ட வேகத்தைக் குறையுங்கள். சக்கரம் மெதுவாகத்தான் சுழலும். 1/1000 நொடியில் எடுத்தால் ரிப்பேராகி நிற்கிற இயந்திரம் மாதிரி ஆகிவிடும். ட்ரைபாட் போட்டு 1/8 முதல் 1/30 வரை முயன்று பாருங்கள், வாளிகள் லேசாகக் கரையும், உடல் அசையாமல் நிற்கும். ட்ரைபாடை இயந்திரத்தின் மேடையிலோ கன்வேயர் நடைபாதையிலோ வைக்காதீர்கள், அதிர்வு ஏறிவிடும். பெல்ட்டுக்குக் கணக்கு வேறு. நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிற பெல்ட், 1/500 நொடியில் 1 சென்டிமீட்டர் நகரும், 1/50-ல் 10 சென்டிமீட்டர். கரித் துண்டு துண்டாகத் தெரிய வேண்டுமா, ஆறு மாதிரி ஓட வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு வேகத்தை வையுங்கள்.

நம் நாட்டில் தொழிற்சாலைப் படத்தை ஒரு தனித் துறையாக வளர்த்தவர்களில் மித்தர் பேடி முக்கியமானவர். மும்பையில் இருந்து வேலை செய்தார், 1985-ல் மறைந்தார். அவருடைய கருப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். குழாய்களும் கோபுரங்களும் வெறும் வடிவங்களாக எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள்.

மனிதர்கள்

நான் கற்றுக்கொண்டதில் பெரிய பாடம் ஓர் ஆப்பரேட்டரின் கேபினில் கிடைத்தது. அவர் லீவரில் கை வைத்தபடி கண்ணாடி வழியாக வெட்டுமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் இருந்து, "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படித் திரும்பிச் சிரிங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "லீவர்ல கை வச்சுக்கிட்டு எவனும் கேமராவைப் பார்க்க மாட்டான் தம்பி. பார்த்தா வீல் எங்க போகும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேணும்னா மெஷினை நிறுத்தினப்புறம் சொல்லுங்க, சிரிக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவு சரி. லீவரைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஆப்பரேட்டர் படம், அந்த வேலை தெரிந்த ஒவ்வொருவருக்கும் பொய் என்று தெரியும். அன்று அவர் கண் போகிற திசையிலேயே நானும் பார்த்தேன். வெட்டுமுகத்தின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவர் கன்னத்தில் விழுந்திருந்தது. இடது கை லீவரில், வலது கை விரல் ஒரு பொத்தானின் மேல் அழுத்தாமல் காத்திருந்தது. அதை எடுத்தேன். பிறகு இயந்திரம் நின்றதும், சொன்னபடி சிரித்தார். அது வேறு படம். இரண்டும் வேண்டும், கலக்கக் கூடாது.

அதனால், போன உடனே எடுக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். என்ன வேலை, எத்தனை வருஷம், இதில் எது கஷ்டம் என்று கேளுங்கள். வயதில் மூத்தவர் "அண்ணே" அல்லது "ஐயா", பெண்கள் "அக்கா" அல்லது "மேடம்". அங்கே எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். பெரும்பாலும் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும். ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு வீட்டுக்குப் போகிற பஸ் நிற்கிறது, அவரை நிறுத்தாதீர்கள். ஷிப்ட் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடம், டீ நேரம், இந்த இரண்டும்தான் உங்களுக்கானவை.

சம்மதம் கேளுங்கள். அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அது சம்மதம் ஆகாது. தனியாகக் கேளுங்கள், படம் எங்கே வரும் என்றும் சொல்லுங்கள். ஒரு பக்கத்துச் சம்மதத் தாள் எளிய தமிழில் இருக்கட்டும். வடமாநிலத் தொழிலாளர் என்றால் அவருக்குப் புரிகிற மொழியில். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். நிறுவனம் கொடுக்கிற பட்டியலில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இருக்காது. நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். 2019-ல் அரசு விதியைத் தளர்த்தியதிலிருந்து பெண்கள் திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் வேலை செய்யலாம், நிலத்தடியில் பகல் நேரத் தொழில்நுட்பப் பணிகளிலும் சேரலாம். அலுவலக மேசைக்குப் பின்னால் மட்டும் பெண்களைக் காட்டுகிற பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இனி முகத்து வெளிச்சம். ஹெல்மெட்டின் விளிம்பு நண்பகலில் இரண்டு கண்ணையும் நிழலில் மூடிவிடும். ஆளைக் கூரையின் ஓரத்துக்கு, ஷெட் வாசலுக்குக் கூட்டி வாருங்கள். திறந்த வானம் முன்னால் இருக்கும்படி நிறுத்தித் தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள். போதும். வெளியிலேயே எடுக்க வேண்டுமென்றால் சின்ன ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, பக்கவாட்டில், வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவாக வையுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கிறவர் முகத்தில் மட்டும் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கரி படிந்த முகத்தைத் துடைக்கச் சொல்லாதீர்கள். அதிகமாகப் பூசிக்கொள்ளவும் சொல்லாதீர்கள், அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடிட்டில் தோலை வெளுப்பாக்காதீர்கள். நம் ஆட்களின் நிறம் நல்ல வெளிச்சத்தில் எவ்வளவு அடர்த்தியாக, உயிரோடு நிற்கிறது என்று பிரிண்ட் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எழுதி வைப்பது

1911-ல் பென்சில்வேனியாவின் நிலக்கரி ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், வயது, வேலை என்று கிடைத்த விவரங்களைச் சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொள்வார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்தில் அந்தப் படங்கள் சான்றாக நின்றதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். நீங்களும் சட்டைப் பையில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், அவர் தன் வேலையை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, இயந்திரத்தின் எண், தேதி. "தொழிலாளி" என்று மட்டும் எழுதிய தலைப்பு யாருக்கும் உதவாது. பெல்ட் வல்கனைசிங் செய்கிறவர், வெல்டர், கிரீஸர், சர்வேயர் என்று எழுதுங்கள். பெயரை வெளியிடலாமா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு

ஆரம்ப காலத்தில் ஒரு தனியார் சுரங்கத்துக்கு இரண்டு நாள் வேலை செய்து ஒப்படைத்த படங்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. காரணம் ஹெல்மெட்டின் தாடைவார். பலர் மாட்டாமல் விட்டிருந்தார்கள், வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. மறுபடி போக அனுமதி கிடைக்கவில்லை. இப்போது ஷட்டரை அழுத்துவதற்கு முன் ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பேன்: தாடைவார், கண்ணாடி, ஜாக்கெட்டின் ஜிப், கையுறை, ஷூ லேஸ், உயரத்தில் என்றால் பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கி. பின்னணியில் நடந்து போகிறவரையும் சேர்த்துத்தான். குறை இருந்தால் எடுக்காமல், "அண்ணே, வார் மாட்டிக்கங்க" என்று சொல்லுங்கள். ஃபோட்டோஷாப்பில் தாடைவாரை வரைந்து கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. மாட்டாத வாரை மாட்டியதாகக் காட்டுகிற படம், நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அந்தத் தொழிலாளிக்கு எதிராகவே நிற்கும்.

முதல் தேர்வு முடிந்ததும் படங்களைச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருவரிடம், முடிந்தால் ஒரு சூப்பர்வைசரிடம், காட்டுங்கள். நமக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியும். கழற்றி வைத்த ரோலரின் பாதுகாப்பு மூடியும், தரையில் கிடக்கிற கேபிளும் அவருக்கு முதலில் தென்படும்.

கூலியும் ஒப்படைப்பும்

விலைப்புள்ளி கொடுக்கும்போது படமெடுக்கிற நாட்களோடு பாதுகாப்பு வகுப்புக்கான நேரம், வாசலில் காத்திருக்கும் நேரம், மழையால் தள்ளிப்போகிற நாள், காப்பீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். படங்கள் எத்தனை வருடம், எங்கெங்கே பயன்படும் என்பதையும் எழுதுங்கள். முன்பணம் வாங்காமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

விலைப்புள்ளியிலேயே இன்னொரு வரியும் சேருங்கள்: படத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஆறுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு பிரிண்ட். செலவு அதிகமில்லை. செல்போனில் அனுப்புகிறேன் என்று சொல்வதோடு நிறுத்தாமல், காகிதத்தில் கொடுங்கள். பெயரைப் பின்னால் பென்சிலில் எழுதி உறையில் போட்டு, ஷிப்ட் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். கேபின் ஆப்பரேட்டரிடம் நான் இரண்டு படங்களையும் கொடுத்தேன். சிரிக்கிற படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உறைக்குள் போட்டார். மற்றதை வெளிச்சத்துக்குத் திருப்பி, பொத்தான் மேல் இருந்த தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல இன்னொண்ணு கிடைக்குமா? பையனுக்கு அனுப்பணும்" என்றார்.